வினையும் எதிர்வினையும்

(துறையூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் "வினையும் எதிர்வினையும்" என்பதாகும். இது பள்ளிக்கூடத்துப் பாடமாயிற்றே, இதைப் பொதுக்கூட்டத்தில் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். பள்ளிக்கூடத்துப் பாடம் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அந்தப் பாடத்தை அங்கிருந்து திருடிக்கொண்டு போய், உபன்யாச மண்டபத்திலும், டெலிவிஷனிலும், உங்கள் சட்டைப்பையில் இருக்கிற கைபேசியிலும் வேறு சரக்கோடு கலந்து விற்கிறார்கள். திருட்டுப்போன சாமானை உடையவர்களிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டியது நமது கடமையல்லவா? அதற்காகவே இதைப் பேச வந்தோம்.

அவர்கள் சொல்லுவது என்ன? "ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று நியூட்டனே சொல்லிவிட்டார். நம் முன்னோர்கள் இதையேதான் கர்மம் என்று சொன்னார்கள். ஆகையால் ஒருவன் பணக்காரனாயிருப்பதும், ஒருவன் பட்டினி கிடப்பதும், ஒருவன் மேல்ஜாதியில் பிறப்பதும், ஒருவன் சேரியில் பிறப்பதும் போன ஜன்மத்து வினையின் எதிர்வினைதான். இது மூடநம்பிக்கையல்ல, விஞ்ஞானம்" என்பதாகச் சொல்லுகிறார்கள். முன்பெல்லாம் சாஸ்திரத்தில் இருக்கிறது, நம்பு என்றார்கள். சாஸ்திரம் என்றால் இன்று வாலிபர்கள் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தவுடன், விஞ்ஞானத்தில் இருக்கிறது, நம்பு என்கிறார்கள். சட்டை மாறியிருக்கிறதே தவிர ஆள் அதே ஆள்தான்.

ஆகவே நியூட்டன் வாஸ்தவத்தில் என்ன சொன்னார், இவர்கள் சொல்லுவது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாமும் காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. மாட்டுவண்டியும், கிணறும், தேரும் தெரிந்தவர்களுக்குப் புரியாத சங்கதி இதில் ஒன்றுமில்லை.

முதலில் சொற்களைப் பார்க்க வேண்டும். ஏனெனில் புரட்டு எல்லாம் சொல்லில்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது. "சக்தி" என்கிற ஒரு சொல்லை நாம் எத்தனை காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம் பாருங்கள். மாட்டுக்கு இழுக்கிற சக்தி, மோட்டாருக்குச் சக்தி, கஞ்சி குடித்தால் உடம்புக்குச் சக்தி, அம்மனுக்குப் பெயரே சக்தி, மந்திரவாதிக்கு மந்திரசக்தி, தகட்டுக்கு எந்திரசக்தி. விஞ்ஞானமோ இந்த ஒன்றை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் விசை. வேலை செய்வதற்குரிய இருப்பு ஆற்றல். அந்த வேலையை எவ்வளவு வேகமாகச் செய்கிறோம் என்பது திறன். உங்கள் கிணற்றில் இருக்கிற 5 குதிரைத்திறன் மோட்டார் என்பதில் உள்ளது திறன். அது ஒரு மணி நேரம் முழு வேலை செய்தால் ஏறக்குறைய நாலு யூனிட் மின்சாரம் ஆகுமே, அந்த யூனிட் ஆற்றல். தண்ணீர் பாயும்போது ஓஸ் குழாய் துள்ளி உங்கள் கையைப் பின்னால் தள்ளுகிறதே, அது விசை.

விசை என்றால் அதனிடம் நாலு கேள்வி கேட்கலாம். எது தள்ளுகிறது? எதைத் தள்ளுகிறது? எந்தத் திசையில்? எவ்வளவு? இந்த நாலுக்கும் பதில் உண்டு. 50 கிலோ அரிசி மூட்டையைப் பூமி கீழ்நோக்கி ஏறக்குறைய 490 நியூட்டன் விசையோடு இழுக்கிறது என்று கணக்காகவே சொல்லலாம். எந்த ஊரில் யார் நிறுத்துப் பார்த்தாலும் கணக்கு ஏறத்தாழ அதுவாகவே இருக்கும். இதே நாலு கேள்வியை மந்திரசக்தியிடம் கேட்டுப் பாருங்கள். எது, எதை, எந்தப் பக்கம், எத்தனை நியூட்டன் என்றால் பதில் வராது. உனக்கு நம்பிக்கை இல்லை என்கிற கோபந்தான் வரும்.

இனி "ரியாக்ஷன்" என்கிற சொல்லை எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்தால் மருந்து ரியாக்ஷன் என்கிறோம். சினிமாக்காரர் முகத்தைச் சுளித்தால் நல்ல ரியாக்ஷன் என்கிறோம். ரசாயனத்தில் ஒரு வஸ்து மற்றொன்றோடு சேர்ந்து புதுவஸ்து ஆவதும் ரியாக்ஷன்தான். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பாகிறதே, கல்யாண வீட்டு ஆரத்தி, அதுவும் ஒரு ரசாயன வினை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின்மேல் கிளிசரினை ஊற்றினால் சற்றுநேரத்தில் தானாகவே தீப்பிடிக்கும். இதை ஒளித்துச் செய்து மந்திரத்தால் நெருப்பு வரவழைத்தேன் என்பவர் சாமியார். எல்லோருக்கும் முன்னால் செய்து, இன்னதனால் இது நடந்தது என்று சொல்லிக்கொடுப்பவர் பகுத்தறிவுவாதி. இலங்கையில் ஆபிரகாம் கோவூர் அவர்கள், யாதொரு மோசடியும் இல்லாமல் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் காலமாகும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் ஜெயித்துக்கொண்டு போகவில்லை. அரசியலில் இந்த ரியாக்ஷன் என்னும் சொல்லுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. முன்னே போகிறதைப் பின்னுக்கு இழுப்பவனை அப்படி அழைப்பார்கள். அதை நாம் தமிழில் பிற்போக்கு என்கிறோம்.

ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருப்பதில் தப்பில்லை. ஓர் அர்த்தத்தைக் காட்டி நம்மைச் சம்மதிக்கச் செய்துவிட்டு, நாம் அசந்த நேரத்தில் மற்றோர் அர்த்தத்தை உள்ளே நுழைப்பதுதான் தப்பு. தராசில் ஒரு படிக்கல்லைக் காட்டிவிட்டு வேறொரு கல்லால் நிறுத்துக் கொடுப்பவனை நாம் வியாபாரி என்று சொல்லுவதில்லை.

இப்போது நியூட்டன் சொன்னதற்கு வருவோம். 1687-ல் அவர் வெளியிட்ட நூலில் இயக்கத்திற்கு மூன்று விதிகள் சொன்னார். மூன்றாவது விதியின் கருத்து இதுதான்: ஒரு பொருள் மற்றொரு பொருளைத் தள்ளினால், அந்த மற்றொரு பொருளும் இதை அதே அளவுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும். அவ்வளவுதான். நீங்கள் சுவரைத் தள்ளினால் சுவர் உங்களைத் தள்ளுகிறது. படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போகிறது. ஸ்ரீரங்கத்தில் நெடுங்காலம் மொட்டையாக நின்றிருந்து, 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரம் எவ்வளவு பாரத்தோடு கீழே அழுத்துகிறதோ, அவ்வளவு விசையோடு அடியிலுள்ள தரை அதை மேலே தாங்குகிறது. அது நிற்பது அதனால்தான். உள்ளே பள்ளிகொண்டிருப்பவரால் அல்ல. அவரால் என்றால், 2023 ஆகஸ்டில் அதே கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்திருக்க வேண்டியதில்லை. முக்கொம்பிலும் அப்படியே. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய கொள்ளிடம் அணையில் 2018 ஆகஸ்ட் 22-ந் தேதி இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. தண்ணீர் தள்ளிய அளவுக்குத் திருப்பித் தள்ளிக்கொண்டு நிற்கப் பழைய கட்டடத்தால் முடியவில்லை. பிறகு பூஜை போட்டு வெள்ளத்தைத் தடுக்கவில்லை. இஞ்சினீயர்களை வைத்துப் புதிய கதவணை கட்டினார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். மாடு வண்டியை முன்னால் இழுக்கிற அளவுக்கு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது என்றால், இரண்டும் கழிந்துபோய் வண்டி நின்ற இடத்திலேயே அல்லவா நிற்க வேண்டும்? ஆனால் வண்டி ஓடுகிறதே! நல்ல கேள்விதான். பதில் என்னவென்றால், அந்த இரண்டு விசையும் ஒரே பொருளின்மேல் இல்லை. ஒன்று வண்டியின்மேல், மற்றொன்று மாட்டின்மேல். இராமன் வரவையும் இலட்சுமணன் செலவையும் ஒரே கணக்கில் எழுதிக் கழித்தால் கணக்குப்பிள்ளையை வேலையை விட்டு நீக்கிவிடுவோம். மாட்டின் கணக்கைத் தனியாகப் பாருங்கள். அது குளம்பால் பூமியைப் பின்னால் உதைக்கிறது. பூமி அதை முன்னால் தள்ளுகிறது. வண்டி பின்னால் இழுப்பதைவிடப் பூமி முன்னால் தள்ளுவது அதிகமானால் மாடு நகருகிறது. சேற்றில் குளம்பு வழுக்கினால், எவ்வளவு பலமுள்ள மாடும் நகராது. பூமிக்கும் எதிர்விசை உண்டு. அது மகா பெரிது, ஆகையால் அது நகருவது நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

படித்தவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். ராக்கெட்டு காற்றில்லாத வெளியிலும் போகும் என்று அமெரிக்காவில் காடர்டு என்கிற விஞ்ஞானி சொன்னபோது, "நியூயார்க் டைம்ஸ்" என்னும் பெரிய பத்திரிகை 1920 ஜனவரியில் அவரைக் கேலி செய்தது. அங்கே தள்ளுவதற்குக் காற்றே இல்லையே, இது பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியாதா என்கிற தோரணையில் எழுதியது. ராக்கெட்டு காற்றைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. தன் வயிற்றில் எரிகிற வாயுவைப் பின்னால் தள்ளுகிறது. அந்த வாயு அதை முன்னால் தள்ளுகிறது. தீபாவளி வாணமும் அப்படித்தான் போகிறது. 1969 ஜூலை 16-ல் மனிதர் சந்திரனுக்குப் புறப்பட்டார்கள். மறுநாளே அந்தப் பத்திரிகை 49 வருஷத்துத் தவறுக்கு வருத்தம் தெரிவித்து எழுதியது. காடர்டு 1945-லேயே இறந்துவிட்டார். என்றாலும் தவறு திருத்தப்பட்டது. நம் தேசத்துச் சந்திரயான்-3 கலம் 2023 ஆகஸ்ட் 23-ல் காற்றில்லாத சந்திரனில் மெதுவாக இறங்கியதும் இதே விதியால்தான். எந்தப் புராணமாவது தன் தவறுக்கு வருத்தம் தெரிவித்ததுண்டா?

தோழர்களே! இப்போது இரண்டையும் பக்கத்தில் வைப்போம்.

முதலாவது, காலம். நியூட்டனின் எதிர்விசை அந்தக் கணத்திலேயே நடக்கிறது. கையை எடுத்தால் சுவர் தள்ளுவதும் நின்றுவிடும். கர்மமோ இந்த ஜன்மத்தில் செய்ததற்கு அடுத்த ஜன்மத்தில் வரும் என்கிறது. இவ்வளவு வாய்தா கொடுக்கிற கோர்ட்டு நமது நாட்டில்கூடக் கிடையாது.

இரண்டாவது, அளவு. எதிர்விசை சரிசமம், ஒரு குன்றிமணி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கர்மத்தில் எந்தப் பாவத்துக்கு எவ்வளவு தண்டனை என்று நிறுக்கத் தராசே இல்லை. தட்டில் விழுகிற தட்சணையைப் பார்த்துப் பாவம் குறைகிறது. பரிகாரம் செய்தால் பூமியின் இழுப்பு ஒரு நியூட்டனாவது குறையுமா?

மூன்றாவது, யார்மேல் என்பது. இதுதான் முக்கியமானது. எதிர்விசையில் எப்போதும் இரண்டு பொருள் உண்டு. தள்ளுவது ஒன்று, தள்ளப்படுவது மற்றொன்று; இரண்டும் ஒரே சமயத்தில் அங்கேயே இருக்கும், கையால் சுட்டிக் காட்டலாம். கர்மத்திலோ ஒரே ஆள்தான். செய்தவனும் அவனே, படுபவனும் அவனே, காரணமும் அவனுக்குள்ளேயே. இன்னொருவனைத் தேட வேண்டியதே இல்லை.

நாலாவது, நியூட்டனின் விதிக்கு நல்லவன் கெட்டவன் என்பது தெரியாது. புண்ணியவான் தள்ளினாலும், கொலைகாரன் தள்ளினாலும் சுவர் ஒரே மாதிரிதான் திருப்பித் தள்ளும். அதைக்கொண்டு யாருடைய பிறப்பையும் உயர்வு தாழ்வு என்று எழுத முடியாது.

நியூட்டன் கடவுளை நம்பினவராயிற்றே என்று சிலர் சொல்லுவார்கள். ஆம், நம்பினார், வேத விசாரணையும் ரசவாதமும் நிறையவே எழுதிவைத்தார். அவற்றை நாம் ஏற்கவில்லை. விசை விதியை ஏற்கிறோம். நியூட்டன் சொன்னார் என்பதற்காக அல்ல. துறையூர்ப் பையன் ஒருவன் இரண்டு வில்தராசை ஒன்றோடொன்று கோத்து இழுத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒரே அளவைக் காட்டும் என்பதற்காக. பெரியவர் சொன்னார் என்று நம்புவது அவர்கள் வழக்கம். சோதித்துப் பார்த்துக் கொள்ளுவது நம் வழக்கம்.

இதில் எவ்வளவு பெரிய அபாயம் இருக்கிறது என்பதை ஓர் உதாரணத்தில் பாருங்கள். சாக்கடைத் தொட்டிக்குள் இறங்கினவன் மூச்சுமுட்டிச் செத்துப்போகிறான். அவன் தலையெழுத்து, என்ன வினை செய்தானோ என்கிறார்கள். விஞ்ஞானத்தைக் கேட்டால் என்ன சொல்லும்? மூடிய இடத்தில் கழிவு அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். அளவு மிஞ்சினால் அது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம்கூடத் தெரியாது. ஆளைக் கீழே சாய்க்கும் என்று சொல்லும். சரி, அந்த மனிதன் உள்ளே போனது எப்படி? ஒருவர் இறங்கு என்றார். ஒருவர் கூலி பேசினார். எந்திரம் வாங்கவேண்டியவர் வாங்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013-ல் போட்ட சட்டத்தை நடத்தவேண்டியவர் நடத்தவில்லை. தள்ளினவர்கள் இத்தனை பேர் இருக்க, செத்தவனையே கைகாட்டுவதுதான் கர்மம். தள்ளின கையை மறைப்பதற்கென்றே உண்டாக்கிய திரை அது. விசையின் பாடத்தைச் சரியாகப் படித்தவன், ஒருவன் விழுந்தால் தள்ளியது எது என்று கேட்பான். கர்மத்தின் பாடத்தைப் படித்தவன், அவன் விழ வேண்டியவன்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

மற்றொரு புரட்டும் இருக்கிறது. மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமைக்கு "இயற்கையான எதிர்வினை" என்று பெயர் வைப்பது. 1984-ல் இந்திரா காந்தி அம்மையார் கொல்லப்பட்ட பிறகு, அதற்கு யாதொரு சம்பந்தமும் இல்லாத சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். டில்லியில் மட்டும் 2,733 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. பெரிய மரம் விழுந்தால் பூமி அதிரத்தான் செய்யும் என்கிற கருத்தில் அன்றைய பிரதம மந்திரியே பேசினார். மரம் விழுந்து பூமி அதிர்வது பௌதிகம். மண்ணெண்ணெயும் பட்டியலும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது பௌதிகமா? கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். அதற்குப் பதிலாக 1968 டிசம்பர் 25-ல் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கேட்டது கொஞ்சம் நெல். கிடைத்தது 44 பிணம். இது எந்த நியூட்டனின் சமமான எதிர்வினை? ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளை வெட்டிவிட்டு, ஆத்திரத்தில் வந்த எதிர்வினை என்று இன்றைக்கும் சொல்லுகிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கல்லுக்கு வேறு வழி இல்லை; தள்ளினால் தள்ளும். மனிதனுக்கு வழி உண்டு. அவனுக்கு நடுவில் ஒரு யோசனை இருக்கிறது. அடித்தவனைத் திருப்பி அடிக்கலாம், போலீசில் சொல்லலாம், சங்கம் சேர்க்கலாம், மன்னித்தும் விடலாம். இத்தனை வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவன் அதற்குப் பொறுப்பாளி. பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைக்கும்போது மட்டும் மனிதன் தன்னைக் கல் என்று சொல்லிக்கொள்ளுகிறான்.

கடைசியாகத் தேரைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம். தேர் ஓடாமல் நின்றால் சாமிக்கு ஏதோ குறை என்பார்கள். குறை இருப்பதெல்லாம் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில்தான். அதனால்தான் பின்னால் நெம்புகட்டை போடுகிறார்கள். இப்போது பல ஊர்களில் மண் தள்ளும் எந்திரத்தைக் கொண்டுவந்தே தள்ளுகிறார்கள். வடம் பிடிக்கிற ஒவ்வொருவர் காலும் பூமியைப் பின்னால் உதைக்கிறது. பூமி ஒவ்வொருவரையும் முன்னால் தள்ளுகிறது. அந்த விசைகளெல்லாம் வடத்தில் கூடுகின்றன. அதில் எந்த விசை எந்த ஜாதிக்காரனுடையது என்று வடத்துக்குத் தெரியாது, சக்கரத்துக்கும் தெரியாது. ஆனால் சிவகங்கைச் சீமையில் கண்டதேவி என்கிற ஊரில், தாழ்த்தப்பட்ட தோழர்கள் வடத்தைத் தொடலாமா கூடாதா என்கிற தகராறில் 1998-ல் தேர் நின்றது. நடுவில் சில வருஷங்கள் ஓடி, மறுபடியும் நெடுங்காலம் நின்று, கோர்ட்டு உத்தரவின்மேல் 2024-ல் போலீசுக் காவலோடு ஓடிற்று. சாமி இருந்தும் தேர் நகரவில்லை. மந்திரம் இருந்தும் நகரவில்லை. உத்தரவும் ஆட்களும் வந்த பிறகுதான் நகர்ந்தது. அங்கே தேரைத் தடுத்து நிறுத்திய விசை எது, யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள். தேர் இழுப்பது நமது வேலை அல்ல. ஆனால் ஒரு மனிதனின் கையைத் தொடாதே என்று தள்ளுகிற எதையும் திருப்பித் தள்ளுவது நமது வேலை.

ஆகவே தோழர்களே! நாம் வேண்டிக்கொள்ளுவது ஒன்றே. இனிமேல் யாராவது உங்களிடம் வந்து, உன் கஷ்டம் உன் வினையின் எதிர்வினை என்று சொன்னால், கோபிக்க வேண்டாம், தர்க்கமும் வேண்டாம். அந்த நாலு கேள்வியை மட்டும் கேளுங்கள். எது தள்ளுகிறது? யாரைத் தள்ளுகிறது? எந்தப் பக்கம்? எவ்வளவு? உங்கள் கூலியிலும், கடனிலும், பள்ளிக்கூடத்திலும், சுடுகாட்டுப் பாதையிலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போங்கள். தள்ளுகிற கை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அங்கே சமமாகத் திருப்பித் தள்ளுவதற்குப் பெயர்தான் இயக்கம். பௌதிகத்தில் அதற்கு எதிர்விசை என்று பெயர். நம் நாட்டில் அதற்கு இயக்கம் என்று பெயர்.

 சந்தேகம் உள்ளவர்கள் கூச்சமில்லாமல் கேட்கலாம்.